கொள்ளுப்பிட்டியில் கட்டடம் வாங்கினோம்: பிளானில் இல்லாத மூன்றாவது கடை

கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்கும் டுப்ளிகேஷன் வீதிக்கும் இடையில் உள்ள ஓர் ஒழுங்கையில் ஒரு பழைய கட்டடத்தை நானும் கணவரும் வாங்கி முடித்திருக்கிறோம். கீழே கடைகள், மேலே இரண்டு மாடிகளில் நான்கு வீடுகள். உறுதி (உரிமைப் பத்திரம்) கைக்கு வந்துவிட்டது. ஆனால் விற்றவர் தந்த வாடகைப் பட்டியலில் கீழே மூன்று கடைகள் இருந்தன, அங்கீகரித்த பிளானில் இரண்டுதான். அந்த ஒரு கடையால் நாங்கள் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரிக் கட்டடம் தேடுகிறவர்கள் முற்பணம் கொடுக்கும் முன் படித்தால் போதும்.

வெள்ளவத்தையில் தொடர்மாடி வாங்கிப் பழகியவர்களுக்கு இது வேறு உலகம். அங்கே வீட்டுக்குத் தனி உறுதி, கூட்டாதனப் பிளான் (ஒரே கட்டடத்தின் வீடுகளைத் தனித்தனிச் சொத்தாகப் பிரிக்கும் பிளான்), முகாமைத்துவக் குழு எல்லாம் தயாராக இருக்கும். இங்கே காணி, கட்டடம், கடைக்காரர், மேல்மாடிக் குடியிருப்பாளர், அவர்களோடு வரும் பழைய கணக்குகள் எல்லாம் ஒரே உறுதியில் நம் தலையில் ஏறும்.

இடம் பார்த்தது, விலை பேசியது, காணிப் பதிவகத்தில் முப்பது வருட ஏடுகளைத் தேடியது எல்லாம் பிரச்சினையில்லாமல் நடந்தன. உறுதி எழுதித் தரும் சட்டத்தரணியான எங்கள் நொத்தாரிசு மிஸ் அதில் மிகவும் கெட்டிக்காரி. ஈடு, வழக்கு, தடை எதுவும் இல்லை என்று எழுத்தில் தந்துவிட்டார்.

முதல் அடி கனடாவிலிருந்து வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பியும் பங்கு போடுவதாக இருந்தான். கனடாக் குடியுரிமை எடுத்துப் பல வருடமாகிறது, இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லை. தரகர், "அதெல்லாம் பிரச்சினையில்லை அக்கா, அற்றோர்னி பவர் அனுப்பச் சொல்லுங்கோ, முடிச்சுத் தாறன்" என்றார். தம்பியும் அங்கே அலைந்து, அத்தாட்சிப்படுத்தி, கூரியரில் அனுப்பினான். மிஸ் அதைப் பார்த்ததும் மேசையில் வைத்துவிட்டார். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகன் பெயருக்கு இங்கே காணி எழுத முடியாது. யார் கையொப்பம் வைக்கிறார் என்பது பேச்சே இல்லை, யார் பெயருக்கு உரிமை போகிறது என்பதுதான் கேள்வி. நான்காவது மாடியிலும் அதற்கு மேலும் உள்ள கூட்டாதன வீடுகளுக்கு விலக்கு உண்டு. எங்கள் கட்டடத்தில் அத்தனை மாடியும் இல்லை, கூட்டாதனமும் இல்லை. இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் இருந்திருந்தால் சிக்கலே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களோடு சேர்ந்து வாங்க நினைப்பவர்கள் இந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்க வேண்டும், கட்டடத்தைப் பிறகு பார்க்கலாம். தம்பியின் செலவும் நேரமும் வீணாகிவிட்டன, இன்றைக்கும் அது எனக்கு மனவருத்தம்.

தம்பியின் பங்கு இல்லையென்றதும் வங்கிக் கடன் எடுக்க வேண்டி வந்தது. பின்னால் யோசித்தால் அதுவே எங்களைக் காப்பாற்றியது. கைக்காசில் முழுதும் வாங்கியிருந்தால், அங்கீகரித்த பிளானையும் சீ.ஓ.சீ.யையும் இவ்வளவு கறாராகக் கேட்க ஆள் இருந்திருக்காது. கட்டடம் பிளான்படிதான் கட்டப்பட்டது என்று கட்டி முடிந்தபின் கொடுக்கும் சான்றிதழ்தான் இந்த சீ.ஓ.சீ. விற்பவரிடம் கேட்டோம். முதல் பக்கத்தின் போட்டோப் பிரதியை மட்டும் தந்தார். கடைகளின் அளவு இருக்கும் பக்கம் அதில் இல்லை.

சரி, பழைய கோப்பிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுப்போம் என்று கந்தோருக்குப் போனோம். பெயர் சொல்ல விரும்பவில்லை. கருமபீடத்தில் இருந்தவர் விண்ணப்பத்தைப் பார்க்காமலே, "உரிமையாளர் வரவேணும்" என்றார். உரிமையாளரின் கடிதத்தோடு போனோம், "மதிப்பீட்டு இலக்கம் மாறியிருக்கு, பழைய இலக்கம் கொண்டு வாங்கோ" என்றார். அதையும் கொண்டுபோனால், கோப்பு வேறொரு பிரிவில் இருக்கிறதாம், எந்தப் பிரிவு என்று அவருக்குத் தெரியாதாம். இதையெல்லாம் முதல் நாளே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்திருக்கலாம். அரை நாள் லீவு எடுத்து, வெயிலில் வந்து நிற்கும் மனிதரை ஒவ்வொரு வாக்கியமாகத் திருப்பி அனுப்புவது எந்த வகையில் நியாயம்?

கடைசியில் வேறு ஒரு மேசையில் இருந்த இளம் பெண் உத்தியோகத்தர்தான் உதவினார். கட்டடங்களுக்கு இலக்கம் மாறும்போது பழையதும் புதியதும் வரிக்காக வைத்திருக்கும் மதிப்பீட்டுப் பதிவேட்டில் பதியப்படும் என்றும், அந்தப் பதிவேட்டின் சாற்றை (அதிலிருந்து எடுத்துத் தரும் பிரதியை) எடுத்தால் இரண்டு இலக்கமும் ஒன்றாகக் கிடைக்கும் என்றும் சொன்னார். பழைய கட்டடம் வாங்குகிறவர்கள் வீதி அகலிப்புக்காகக் குறித்த கோடு எங்கே போகிறது என்று காட்டும் வீதிக்கோட்டுச் சான்றிதழ், சொத்து அரச கைக்குப் போகவில்லை என்று காட்டும் நொன் வெஸ்டிங் சான்றிதழ் ஆகியவற்றோடு இந்தச் சாற்றையும் முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிளான் கையில் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இரண்டு கடைகள். மூன்றாவது ஷட்டர் இருக்கும் இடத்தில் மேல்வீடுகளுக்கான வாகனத் தரிப்பிடம் என்று வடிவாகக் குறித்திருந்தது. யாரோ ஒரு காலத்தில் பக்கச் சுவரை மூடி, ஷட்டர் போட்டு, கைத்தொலைபேசி திருத்துகிற ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று கடைகளில் அதிக வாடகை வருவதும் அதில்தான்! கட்டடத்தின் விலையே அந்த வாடகையையும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டிருந்தது.

தரகரிடம் கேட்டால், "கொழும்பில எல்லாரும் இப்படித்தான் அக்கா" என்றார். எல்லாரும் செய்வது வங்கிக்குக் காரணமாகாது. வங்கியின் மதிப்பீட்டாளர் அந்த இடத்தைத் தரிப்பிடமாகவே கணக்கிட்டார், கடன் தொகையும் அதற்கேற்பக் குறைந்தது. அனுமதியில்லாத மாற்றத்தை இடிக்கச் சொல்லி எந்த நேரமும் அறிவித்தல் வரலாம், வரும்போது யார் உரிமையாளரோ அவர் வாசலில்தான் ஒட்டுவார்கள். காலி வீதியில் நின்றுகொண்டு கடைகளை எண்ணாதீர்கள். பிளானைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஷட்டருக்கும் முன்னால் நின்று எண்ணுங்கள். முன்சுவரிலிருந்து வீதிக் கோடு எவ்வளவு தூரம் என்பதையும் அப்போதே சேர்வேயரைக் கொண்டு அளந்துவிடுங்கள். அந்தக் கோட்டுக்குள் விழும் துண்டில் நாளை புதிதாக எதையும் கட்ட விடமாட்டார்கள்.

இங்கே எங்களைக் காப்பாற்றியது விற்பனை உடன்படிக்கையில் மிஸ் சேர்த்த ஒரு வரி. அங்கீகரித்த பிளானும் சீ.ஓ.சீ.யும் இப்போதுள்ள கட்டடத்தோடு ஒத்துப்போகாவிட்டால் முற்பணம் முழுவதையும் திருப்பித் தரவேண்டும் என்று அதில் இருந்தது. கையொப்பம் வைக்கும்போது விற்பவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது அந்த வரியை முன்னால் வைத்துத்தான் விலையைத் திரும்பப் பேசினோம். மூன்றாவது கடையின் வாடகையைக் கழித்து, தரிப்பிடத்தைப் பழையபடி ஆக்கும் செலவையும் கழித்து ஒரு தொகை சொன்னோம். முதலில் கோபப்பட்டுப் போனவர், பிறகு தானாகவே தொலைபேசியில் கூப்பிட்டுச் சம்மதித்தார். கைத்தொலைபேசிக் கடைக்காரரை உறுதி எழுதும் முன் எழுப்பித் தருவதும் அவர் பொறுப்பு என்று எழுதிக்கொண்டோம்.

அடுத்தது முதல் கடை. அங்கே தையல்கடை வைத்திருக்கும் நானா, விற்பவரின் அப்பா காலத்திலிருந்து இருக்கிறவர். எழுத்தில் குத்தகை இல்லை, ரசீது மட்டும்தான். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் என்ற பெயரைக் கேட்டாலே கொழும்பில் கட்டடம் வாங்குகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அந்தச் சட்டம் ஒரு கடைக்குப் பொருந்துமா என்பது மதிப்பீட்டுப் பதிவேட்டில் உள்ள ஆண்டுப் பெறுமதியைப் பொறுத்தது, ஆகவே அந்தச் சாறு இங்கேயும் தேவைப்பட்டது. பொருந்தினால், குத்தகைக்காரர் வந்தபிறகு விலைக்கு வாங்கிய புது உரிமையாளர், "இடம் எனக்குத் தேவை" என்று காரணம் காட்டி வழக்குப் போட முடியாது. வாடகை நிலுவை, அனுமதியில்லாமல் கீழ்வாடகைக்கு விடுவது போன்ற காரணங்கள்தான் மிச்சம். 2023இல் குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவாக மீட்கப் புதிதாக ஒரு சட்டம் வந்ததே என்று கேட்டேன், அது எங்கள் பழைய குத்தகைக்கு உதவாது என்று மிஸ் சொல்லிவிட்டார். "வாங்கினாப் பிறகு எழுப்பிவிடலாம்" என்று தரகர் சொன்னால் நம்பவே வேண்டாம்.

நான் நேரே நானாவிடம் போய்க் கதைத்தேன். தரகர் வேண்டாம் என்றுதான் தடுத்தார். நானா ஸ்டூலை இழுத்துப் போட்டு, பிளேன்ரீ தருவித்து, "மகள், ஒழிச்சுப் பேச ஒண்டுமில்ல, எல்லாம் இதில இருக்கு" என்று பழைய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தார். மாதா மாதம் கட்டிய வாடகை ரசீதுகள், வருடவாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தன. விற்பவரின் பட்டியலில் இருந்த தொகையும் ரசீதில் இருந்த தொகையும் ஒன்றல்ல. பட்டியலில் கூடவாகப் போட்டிருந்தார்கள்.

அந்த ரசீதுகளைப் படம் எடுக்க நானா விட்டதற்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். விலை இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதோடு, உறுதி எழுதும் நாளில் விற்பவர், நானா, நாங்கள் மூன்று தரப்பும் ஒரு கடிதத்தில் கையொப்பம் வைத்தோம்: அன்றிலிருந்து வாடகை எங்களுக்கு, இதுவரை நிலுவை எதுவும் இல்லை, கீழ்வாடகை இல்லை. மேல்வீட்டுக்காரர்களிடமும் இதே மாதிரிக் கடிதம் வாங்கினோம். இந்தக் கடிதம் இல்லாமல் வாங்கினால், குத்தகைக்காரர் உங்களை உரிமையாளராக ஏற்கவில்லை என்று சொல்லி வாடகையை நிறுத்தவும் இடமுண்டு. நானாவை எழுப்பும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அந்தக் கடைக்கு வருகிற வாடகை அதுதான் என்று வைத்தே வரவைக் கணக்குப் போட்டோம், அதற்கேற்ற விலையைத்தான் கொடுத்தோம்.

மேல்வீடுகளைத் தனித்தனியாக விற்கலாம் என்று விளம்பரத்தில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். முடியாது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் கூட்டாதனப் பிளான் வரைந்து, கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையின் சான்றிதழோடு பதிவு செய்தால்தான் ஒரு வீட்டுக்குத் தனி உறுதி எழுதலாம். அங்கீகாரம் இல்லாத கடை கீழே இருக்கும்வரை அந்த வேலையைத் தொடங்கவே முடியாது.

முத்திரைத் தீர்வையைப் பட்ஜெட்டில் மறக்காதீர்கள். முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். சொத்தின் பெறுமதி 20 கோடி என்றால் 79 இலட்சத்து 99 ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் நொத்தாரிசு கட்டணம். உறுதியில் குறைத்துப் போட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்று ஆலோசனை சொல்ல ஆள் இருக்கும். சந்தைப் பெறுமதிக்குத்தான் தீர்வை, கேட்காதீர்கள். உறுதி எழுதிய கையோடு காணிப் பதிவகத்தில் பதியவும் கொடுத்துவிட வேண்டும், ஏனெனில் ஒரே காணிக்கு இரண்டு உறுதி வந்தால் முந்திப் பதிந்ததே நிற்கும். எங்கள் மிஸ் தாமதிக்காமல் பதிவகத்தின் நாட்புத்தகத்தில் (வரும் உறுதிகளை வரிசையாகக் குறிக்கும் ஏட்டில்) பதிய வைத்து, அந்த இலக்கத்தைத் தொலைபேசியில் அனுப்பினார். அந்தச் செய்தி வந்த பிறகுதான் நானும் கணவரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

லைட் பில்லிலும் தண்ணீர் பில்லிலும் நிலுவை இல்லை என்று ஒவ்வொரு மீற்றருக்கும் தனித்தனியாகக் கடிதம் கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் படிக்கட்டு விளக்கும் தண்ணீர் மோட்டரும் இரண்டாவது கடையின் மீற்றரில் ஓடிக்கொண்டிருந்தன, அதனால் அந்தக் கடைக்காரர் வாடகையில் கழித்துக்கொண்டிருந்தார். இதுவும் பட்டியலில் இல்லை. பொதுப் பாவனைக்குத் தனி மீற்றருக்கு விண்ணப்பித்திருக்கிறோம். சோலைவரி (கட்டடத்துக்கு மாநகர சபைக்குக் கட்டும் வரி) நிலுவை ஆளோடு போகாது, கட்டடத்தோடு வரும். உறுதிக்கு முன் கடைசிக் காலாண்டு வரை கட்டிய ரசீதை வாங்கிக்கொண்டோம்.

மூன்றாவது ஷட்டர் போன கிழமை கழற்றப்பட்டது. மேல்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அங்கே கார் நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள், அதற்கு மாதக் கட்டணமும் தருகிறார்கள். மதிப்பீட்டுப் பதிவேட்டில் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. ஜனவரி 31க்குள் முழு வருடச் சோலைவரியையும் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு, அதற்குள் பெயர் மாறாவிட்டாலும் பழைய பெயரிலேயே கட்டலாம் என்று மிஸ் சொன்னார்.