கொல்லையில் ஒரு கழிப்பறை: வரைபடக் குறிப்புகள்

20 ஜூலை 2025, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. ஆவணி வரைக்கும் கட்டட வேலைக்குக் கடப்பாரை எடுக்கக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. அதனால் இந்த மாதம் படம் போடுவதோடு சரி.

ஆலங்குடிப் பக்கத்து எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கழிப்பறை, ஒட்டினாற்போல் ஒரு குளியலறை. அவ்வளவுதான் கட்டடம். "இதுக்கெல்லாம் பிளானா? கொத்தனார் வந்தா நாலு குச்சி அடிச்சு நூலக் கட்டிட்டுப் போறாரு" என்றார் சித்தப்பா. பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய கிராஃப் தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு ஓரடி என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சுவரை வரையவில்லை. முதலில் நகர்த்த முடியாதவற்றைக் குறித்தேன்: ஈசானிய மூலைக் கிணறு, வேம்பு, பக்கத்து வீட்டு மதில். பிறகு கிணற்றை மையமாக வைத்து 33 அடிக்கு, அதாவது 10 மீட்டருக்கு, காம்பஸால் ஒரு வட்டம். அதற்குள் கழிவுக் குழி வரக் கூடாது. வட்டம் போட்டதும் பாதிக் கொல்லை போய்விட்டது. வேம்பின் வேர் ஓடும் இடத்தையும் கழித்தால் மிஞ்சுவது மேற்கு வேலியோரத்துத் துண்டு மட்டும். அதுவும் வாயு மூலைப் பக்கமாக இருப்பதால் சித்தப்பாவுக்குப் பரம திருப்தி. கிணறு சொன்னதைச் சாஸ்திரம் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார், எனக்கும் வேலை மிச்சம்.

23 ஜூலை, புதன்

பள்ளி விட்டு வரும்போது கொத்தனார் அண்ணனைப் பார்த்தேன். அவர் செப்டிக் டேங்க் என்கிறார், நான் இரட்டைக் குழி என்கிறேன். செப்டிக் டேங்கிலிருந்து வழியும் தண்ணீருக்கும் தனியாக ஓர் உறிஞ்சு குழி வேண்டும். ஊரில் பாதிப் பேர் அதைக் கட்டுவதில்லை, தண்ணீர் தெருவுக்குத்தான் வருகிறது. நிறைந்தால் லாரியைக் கூப்பிட வேண்டும். அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

இரட்டைக் குழியில் ஒரு நேரத்தில் ஒரு குழிக்குத்தான் வேலை. அது நிறைந்ததும், குழாய் இரண்டாகப் பிரியும் சேம்பர் தொட்டியில் அதன் வாயைச் செங்கல் வைத்து அடைத்து அடுத்ததைத் திறந்துவிட வேண்டும். மூடிய குழியை ஒன்றரை, இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத உரமாகிவிடும். 2017 பிப்ரவரியில் வாரங்கல் பக்கம் கங்காதேவிபள்ளியில், மத்தியக் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலராக இருந்த பரமேஸ்வரன் ஐயரே குழிக்குள் இறங்கி அள்ளிக் காட்டினார் என்று சொன்னேன்.

அண்ணன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அவரு எறங்குனத ஊரே பாத்துச்சு டீச்சர். நம்ம பக்கம் டேங்குல எறங்குறவன யாரு பாத்தா?"

கையால் மலம் அள்ளவைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்துவிட்டது. அதை நான் சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. குழி இரண்டு என்பது அதோடு முடிவானது. வாயு வெளியேற வென்ட் பைப் கிடையாது, சுற்றியுள்ள மண்ணே வாயுவை இழுத்துக்கொள்ளும் என்றதை மட்டும் அவர் நம்பவில்லை.

27 ஜூலை, ஞாயிறு

இன்று ஆடி 11, பஞ்சாங்கப்படி வாஸ்து நாள். "அப்ப ஆடியில ஆரம்பிக்கலாம்தானே?" என்று அம்மாவைக் கிண்டினேன். "பஞ்சாங்கம் போட்டவன் வந்து கட்டித் தருவானா?" என்று கேட்டுவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள்.

சித்தப்பா மனையடிப் பட்டியலோடு வந்தார். கழிப்பறை உள்ளளவு 4க்கு 5½ அடி என்று போட்டிருந்தேன். பட்டியலே 6 அடியில்தான் தொடங்குகிறது. அதற்குக் குறைந்த அறையைச் சாஸ்திரம் மதிக்கவே இல்லை போல. நீளத்தை 6 ஆக்கினேன். உள்ளே ஒருவர் கைத்தாங்கலாக நிற்க அந்த அரையடி உதவும். நான் இதற்காக, அவர் அதற்காக.

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

தென்னங்கன்று வைக்கிறோம் என்று சொன்னால் ஆடியில் குழி தோண்ட அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை. மேற்கு வேலியோரம் மூன்றடிக்கு வெட்டினோம். இன்னும் கொஞ்சம் என்று நான் சொல்ல, நாலடியில் கடப்பாரை 'ணங்'கென்றது. செம்பாறை. அதற்கு மேலெல்லாம் தண்ணீரை விட்டால் இழுக்கிற செம்மண்.

ஆகக் குழியை ஆழப்படுத்த வழியில்லை. இதுவரை எல்லாரும் எட்டிப் பார்த்தது மேலிருந்து தெரியும் படத்தைத்தான்: எத்தனை அடி, எந்த மூலை. இன்று உட்கார்ந்து, தரையை நெடுக வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் வெட்டுத் தோற்றம் வரைந்தேன். அதில்தான் விஷயமே இருக்கிறது.

குழாய்க்கு 15க்கு 1 வாட்டமாவது வேண்டும். பீங்கானிலிருந்து குழிவரை 9 அடி, அதற்கே 7 இஞ்சுக்கு மேல் இறக்கம் போய்விடும். தரையில் பதிக்கும் இந்தியன் பீங்கான் என்றால் அதன் டிராப், அதாவது நாற்றம் வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு, தரைக்குக் கீழே ஓரடிக்கு மேல் தின்னும். குழாய் நுழையும் மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் ஆழம் குழிக்கு வேண்டும், நாலடியிலோ பாறை. எனவே கழிப்பறைத் தரையை ஒன்றரை அடி உயர்த்தி மூன்று படி வைக்க வேண்டிவரும். அம்மாவின் முழங்கால் ஒரு படிக்கே சுவரைத் தேடுகிறது.

வெஸ்டர்ன் போட்டால்? பி டிராப் மாடலில் கழிவு வெளியேறும் வாய் தரைக்கு மேலே சுமார் 7 இஞ்சில், சுவர் வழியாகப் பின்பக்கம் போகும். தரைக்குக் கீழே ஒன்றுமே இல்லை! அரையடி உயரத் தரை போதும், படியே வேண்டாம். 12க்கு 1 என்ற கணக்கில் ஆறடிச் சரிவு கட்டிவிடலாம். வெளிச்சுவரில் குழாய் தெரியும், தெரியட்டும்.

தண்ணீர்தான் கூடுதலாகப் போகும். வெறும் மணலை விட்டுவிட்டால், மண்ணைப் பொறுத்துச் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 30 லிட்டர் வரை உறிஞ்சும். ஒரு மீட்டர் விட்டம், ஒரு மீட்டர் ஆழக் குழியின் சுற்றுச்சுவர் 3 சதுர மீட்டருக்குச் சற்று மேல். நடுவாந்தரமாக 20 என்றாலும் 60 லிட்டர். அம்மா ஒருத்திக்கு அதில் பாதி போதும். பொங்கலுக்குக் கூட்டம் வந்தால் குழியே 780 லிட்டர் பிடிக்கும், இரண்டு நாளைக்குத் தாங்கும்.

9 ஆகஸ்ட், சனி

சில்லறை முடிவுகள். கதவு இரண்டரை அடி, வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவு உதவாது. கைப்பிடிக் கம்பி வரும் இடத்தில் செங்கலுக்குப் பதில் கான்கிரீட் கட்டை. நாலரை இஞ்சு நாட்டுச் செங்கல் சுவரில் திருகாணி ஆள் எடையைத் தாங்காது. கட்டி முடித்தபின் ஞாபகம் வந்தால் சுவரைக் குடைய வேண்டியிருக்கும், அதனால் சிவப்பு மையில் குறித்துவிட்டேன். குளிக்கிற தண்ணீர் தனிக் குழாயில் வாழைக்குப் போகிறது, குழிக்குள் ஒரு சொட்டு வரக் கூடாது. கூரைமேல் தண்ணீர் டேங்க் இல்லை. 500 லிட்டர் என்றால் அரை டன்.

அம்மா கேட்டது ஒன்றுதான்: "உள்ள ஒரு மாடம் வைடி, சோப்பு வைக்க." வரைந்தேன்.

22 ஆகஸ்ட், வெள்ளி

ஆவணி 6, வாஸ்து நாள். எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் ஆயிற்று. அண்ணன் மூலைமட்டத்தைத் தேட, நான் டேப்பை நீட்டி ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி என்று பிடிக்கச் சொன்னேன். "இது எங்க அப்பா கயித்துல முடிச்சுப் போட்டு வச்சிருந்தாரு" என்றார். சுண்ணாம்புப் பொடிக் கோடு விழுந்தது. குழிகளுக்கு முளை அடித்து, கயிற்றைச் சுற்றி வட்டம் போட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று நானே அளந்தேன். குழிச் சுவரில் ஒன்றுவிட்டு ஒரு வரிசை ஓட்டை விட்டுக் கட்ட வேண்டும், குழாய் மட்டத்துக்கு மேலே மட்டும் ஓட்டை கூடாது, அடியில் சிமெண்ட் போடவே கூடாது என்று மூன்றையும் சொல்லிவைத்தேன்.

வெட்டுத் தோற்றத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேலிருந்து பார்க்கும் படம் அவருக்கு வேண்டாமாம், அதுதான் தரையிலேயே இருக்கிறதே. போகும்போது டி.வி.எஸ்ஸில் கட்டியிருந்த நாலு இஞ்சு வென்ட் பைப்பை அவிழ்த்து வேலியில் சாத்தினார். "இருக்கட்டும் டீச்சர், பின்னாடி கேப்பீங்க." திங்கட்கிழமை செங்கல் லோடு வருகிறது.