கடனை எழுதிப் பார்த்த பிறகுதான் வேலையைப் பத்தி யோசிக்க முடிஞ்சுச்சு

முதல்லயே சொல்லிடுறேன், என்ட கடன் இன்னும் முழுசா முடியல, அம்மாட செயின் இன்னும் அடகுலதான் கிடக்கு. அதனால இதை வெற்றிக் கதைன்னு நெனச்சு வாசிக்க வேணாம். ஆனா 2023ல இருந்த நெலமைக்கும் இப்ப இருக்கிறதுக்கும் நெறைய வித்தியாசம், அது எப்படின்னு கேட்கிற தம்பிமாருக்கு ஒவ்வொரு தடவையும் வாய்ஸ் அனுப்பி ஏலாம போச்சு, அதான் ஒரேயடியா எழுதிடுறேன்.

நான் கொழும்பு, கொட்டாஞ்சேனை. ஏ/எல் கொமர்ஸ், கெம்பஸ் கிடைக்கல, புறக்கோட்டையில ஒரு போன் கடையில நின்னேன். 2019ல பல்சர் ஒன்னு லீசிங்ல எடுத்தேன். பிறகு கொரோனா, இறக்குமதிக் கட்டுப்பாடு, அப்புறம் 2022 பொருளாதார நெருக்கடி. கடைக்கு சரக்கே வரல, முதலாளி ஆள் குறைச்சார். அதே வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு வலி, பெரியாஸ்பத்திரியில வைத்தியம் ஃப்ரீதான், ஆனா அந்த நேரம் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு, துண்டை எழுதி கையில தந்து வெளிய வாங்கிட்டு வாங்கன்னு சொல்லுவாங்க, எல்லாம் கிரெடிட் கார்டுலதான் போச்சு. கார்டு வட்டி 36 சதவீதம் வரைக்கும் ஏறின காலம் அது. பைக் இருக்கேன்னு சாப்பாடு டெலிவரிக்கு இறங்கினேன், அந்த ஜூலையில பெற்றோல் பங்கீட்டுக்கு கியூஆர் கோட் வந்த புதுசுல பைக்குக்கு கிழமைக்கு 4 லீட்டர், ஒக்டேன் 92 ஒரு லீட்டர் 450 ரூபா, அதுல ஓடி என்னத்த உழைக்கிறது.

இதுக்குள்ள ஆளுக்கொரு ஐடியா. மாமா சொல்றார் கட்டார் போ, பக்கத்து வீட்டு ஆன்டி சொல்றாங்க ஐ.டி. கோர்ஸ் செய் மகன், மச்சான் ஒருத்தன் ரோட்டுல கடை போடுவம்ங்கிறான். பாஸ்போட்டுக்கு பத்தரமுல்லையில விடியக் காலையில போய் லைன்ல நின்ன கூட்டத்துல நானும் ஒருத்தன். ருமேனியாவுக்கு அனுப்புறேன்னு ஒரு ஏஜென்ட் 9 லட்சம் கேட்டார், வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்துக்கு 1989க்கு கோல் எடுத்து லைசன்ஸ் இருக்கான்னு கேட்டேன், அந்தப் பேர்ல ஒன்னும் இல்லைன்னாங்க. அதோட அதை விட்டேன். இப்ப யோசிச்சா, அந்த நேரம் எனக்கு எந்த வேலை பிடிக்கும், எது வரும்ங்கிற கேள்வியே மனசுல வரல. எது நாளைக்கே சல்லி தரும்ங்கிறது மட்டும்தான். கடன் வசூலிக்கிற ரிக்கவரிக்காரன் காலையில எட்டு மணிக்கு எடுத்து "மல்லி, கவதாத கெவன்னே" (தம்பி, எப்ப கட்டுவ)ன்னு சிங்களத்துல கேட்டா அன்னைக்கு முழுக்க வேற எதையும் யோசிக்க ஏலாது. ரெண்டு போன்ல எது அடிச்சாலும் வயிறு கலங்கும்.

போன் ஆப்ல கடன் தர்றவங்க இன்னும் மோசம், அவங்கள்ட்டயும் வாங்கியிருந்தேன். பத்தாயிரம் எடுத்தா ஏழாயிரத்துச் சொச்சம்தான் கைக்கு வரும், மிச்சம் சேர்விஸ் சார்ஜாம். ரெண்டு கிழமையில முழுசா கட்டணும், ஏலாட்டி கொன்டாக்ட் லிஸ்ட்ல இருக்கிற ஆக்களுக்கு மெசேஜ் போகும். என்ட பழைய டியூஷன் சேருக்கே போயிருக்கு.

2023 செப்டெம்பர் அளவுல சித்தப்பாதான் ஒரு நாள் உட்கார வச்சு, "மொத்தம் எவ்வளவுடா?"ன்னார். எனக்கு சொல்லத் தெரியல. அஞ்சு லட்சம் இருக்கும்ன்னேன். முதல்ல கிரிப் ரிப்போர்ட்டை எடுன்னார், அதாவது கடன் தகவல் பணியகத்துல இருக்கிற நம்ம கடன் விவரம். கிரிப்ல பேர் விழுந்துட்டா ஏழேழு ஜென்மத்துக்கும் லோன் இல்லன்னு ஊர்ல கதைப்பாங்க, அந்தப் பயத்துலயே நான் கோட்டைப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. சேர் பாரன் ஜயதிலக்க மாவத்தையில வைட்அவேஸ் பில்டிங்லதான் ஒபிஸ். ஐடென்டிட்டி கார்டோட போனா நம்ம ரிப்போர்ட்டை நாமளே எடுக்கலாம். பார்த்தா அது கறுப்புப் பட்டியல் ஒன்னுமே இல்ல, ஒழுங்கா கட்டினதும் இருக்கு, கட்டாததும் இருக்கு. லோன் தர்றதா இல்லையான்னு முடிவெடுக்கிறது பேங்க், கிரிப் இல்ல. எந்தெந்த மாசம் எத்தனை நாள் பிந்தியிருக்குன்னு கட்டம் கட்டமா போட்டிருந்தாங்க. தொண்ணூறு நாள் தாண்டினா செயல்படாக் கடன்னு ஆகிடும், என்ட கார்டு அந்தக் கோட்டுக்கு ரொம்பக் கிட்ட நின்னுச்சு.

ஆப் கடன், கூட்டாளிகள்ட்ட வாங்கினது இதெல்லாம் அதுல இல்ல, அதைக் கையால எழுதினோம். அம்மாட பழைய சீ.ஆர். கொப்பியில ஒரு பக்கம்: கார்டு 310,000. லீசிங் மிச்சம் 185,000. ஆப் எல்லாம் சேர்த்து 62,000. செயின் அடகு 150,000. கூட்டாளிமார், சீட்டுக்காசு 48,000. கூட்டினா 755,000. நான் நெனச்சதை விட ரெண்டரை லட்சம் கூட. ஆனா சொன்னா நம்ப மாட்டீங்க, அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்கினேன்.

அடுத்ததா ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல வட்டியை எழுதச் சொன்னார் சித்தப்பா. அதுக்கு முந்தின மாசம்தான் மத்திய வங்கி பேங்க் வட்டிக்கு மேல் எல்லை போட்டிருந்துச்சு, கார்டுக்கு 28 வீதம், அடகுக்கு 18. 310,000க்கு 28 வீதம் பார்த்தா வருஷத்துக்கு 86,800, மாசத்துக்கு ஏழாயிரத்துக்கு மேல. நான் ஏலுமான மாசங்கள்ல மினிமம்ன்னு கட்டினது 15,500. அதுல பாதிக்கிட்ட வட்டிக்கே போகுது, மிச்சத்தை கட்டிட்டு பெற்றோலுக்கு அதே கார்டைத் தேய்க்கிறேன். வருஷக்கணக்கா கட்டியும் கணக்கு அசையாததுக்கு காரணம் அதுதான்.

லிஸ்ட்ல விற்கக் கூடியதா இருந்தது ஒன்னே ஒன்னு, பைக். 2020 மார்ச்சோட வாகன இறக்குமதியை நிப்பாட்டினதால பழைய பைக் விலையெல்லாம் தலைகீழா ஏறிப் போயிருந்துச்சு, நான் எடுத்த விலையை விட ஓடின பைக்குக்கு கூடக் கிடைக்கும்ங்கிறது எனக்கு அப்பதான் விளங்குச்சு. ஆனா பைக் போனா டெலிவரியும் போகும். வீட்டுல பெரிய சண்டை. அம்மா சொன்னாங்க, இருக்கிற ஒரே உழைப்பையும் வித்துட்டு என்ன செய்யப் போறன்னு. நியாயமான கேள்விதான். அதனால ஒரு மாச டெலிவரிக் கணக்கையும் எழுதிப் பார்த்தேன், பெற்றோல், ஒயில், டயர், செயின் ஸ்ப்ரொக்கெட், லீசிங் தவணை எல்லாம் கழிச்சா கைக்கு நிக்கிறது பதினெட்டாயிரம் கூட இல்ல. அதுக்குத்தான் மழையில ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஓடினது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அம்மா ஒன்னும் சொல்லல.

520,000க்குப் போச்சு. லீசிங்ல இருக்கிற வாகனத்தை நாமளா விற்க ஏலாது, புத்தகத்துல உரிமையாளர் அவங்கதான், அதனால வாங்குறவரோடயே லீசிங் ஒபிஸுக்குப் போய் செட்டில்மென்ட் லெட்டர் எடுத்து அங்கயே அவர் அவங்களுக்கு 185,000 கட்ட, மிச்சம் என் கைக்கு வந்துச்சு. இதை வாய் வார்த்தையில செஞ்சு மாட்டினவங்க இருக்காங்க, கவனம். ஆப் 62,000 அன்னைக்கே முடிச்சேன், முடிச்ச மெசேஜெல்லாம் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சேன், ஆப்பை அழிச்சேன். கூட்டாளிமார் 48,000. மிச்சம் 225,000 கார்டுக்கு.

கார்டுல 85,000 நின்னுச்சு. அதுக்கு பேங்க்ல ரிக்கவரி செக்ஷன்லயே போய் கதைச்சேன், போன்ல கத்துற பொடியன் வேற, நேர்ல இருக்கிற மேடம் வேற. ஒரேயடியா ரெண்டே கால் லட்சம் கட்டின ரிசீட்டை மேசையில வச்சிட்டு, இந்த மிச்சத்தை தவணையா மாத்தித் தாங்க, கார்டை கென்சல் பண்ணுங்கன்னு கேட்டேன். கொஞ்சம் இழுத்தாங்க, பிறகு செஞ்சு தந்தாங்க. எழுத்துல வாங்கிட்டுத்தான் வெளிய வந்தேன். பேங்க்காரங்களோ லைசன்ஸ் உள்ள ஃபைனான்ஸ் கொம்பனியோ அநியாயமா நடந்தா மத்திய வங்கியில நிதி நுகர்வோர் பிரிவு இருக்கு, போன் நம்பர் 1935. லைசன்ஸ் இல்லாத ஆப்காரனுக்கு அது பெருசா செல்லாது, அதுக்குப் பொலிஸ்தான்.

இனி வேலை. மாசத்துக்கு இவ்வளவு கட்டணும், இந்த மாசத்தோட முடியும்ன்னு திகதி தெரிஞ்ச பிறகு மண்டை கொஞ்சம் லேசாகிச்சு. அப்பதான் சித்தப்பா கேட்டார், "ஓ/எல் லீவுல என்னோட ஏசி வேலைக்கு வருவியே, அது உனக்கு பிடிச்சிருந்துச்சே?" உண்மைதான். ஆனா அதை நான் ஒரு வேலையாவே எடுத்ததில்ல, ஸ்குரூ ட்ரைவர் பிடிக்கிற தொழில்னு வீட்டுல ஒரு இளக்காரம். ஏ/எல் செஞ்ச பிள்ளை ஏணியில ஏறுறதான்னு சொந்தக்காரங்க கேட்டதும் உண்டு. அவங்க யாரும் எனக்காக ஒரு தவணை கட்டினதில்ல.

நாள் சம்பளம் 2,500க்கு ஹெல்ப்பரா சேர்ந்தேன். வெள்ளவத்தையில மரைன் டிரைவ் பக்கத்து ஃப்ளெட்டுகள்ல வேலைக்குப் பஞ்சமில்ல, கடல் உப்புக் காத்து அவுட்டோர் யூனிட்டை அரிச்சுத் தள்ளிடும், ரெண்டு மூனு வருஷத்துல ஃபின் எல்லாம் விரல் பட்டா உதிரும். ஃப்ளேரிங் பிடிக்கிறதுக்கு எனக்கு ரொம்ப நாள் எடுத்துச்சு, செப்புக் குழாய் வாயை விரிக்கும்போது ஒரு மயிரிழை வெடிப்பு வந்தாலும் கேஸ் போயிடும். ஏசிக்கு அடிக்கிற 410ஏ கேஸ் ரெண்டு வாயுக் கலவை, சிலிண்டர்ல இருந்து திரவமாத்தான் ஏத்தணும், பழைய ஆர் 22 பழக்கத்துல வாயுவா ஏத்துற பாஸ்மார் இன்னும் இருக்காங்க. ஏன்னு விளங்கிச் செய்யிறதுல எனக்கு ஒரு பிடிப்பு வந்துச்சு, போன் கடையில வராத பிடிப்பு.

சேர்ட்டிஃபிகட் இல்லாம பெரிய கொம்பனிக்குள்ள போக ஏலாது. மருதானை டெக்னிக்கல் கொலேஜ்ல முழுநேரமா படிக்கலாம், எனக்கு தவணை இருக்கு, அது சரிவரல. என்.வி.கியூ.ங்கிற தேசிய தொழில் தகைமைச் சேர்ட்டிஃபிகட்டுக்கு இன்னொரு வழி இருக்கு, ஆர்.பி.எல்.ன்னு சொல்லுவாங்க, ஏற்கனவே வேலை தெரிஞ்சவங்களை பரீட்சிச்சு சேர்ட்டிஃபிகட் தர்றது. ராஜகிரியவுல அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாட தலைமை ஒபிஸ், கொட்டாஞ்சேனையில 176 பஸ்ல ஏறினா அந்தப் பக்கம் போகும். அப்ளிகேஷன் தந்தேன், அனுபவத்துக்கு ஆதாரம் கேட்டாங்க, அங்க இங்கன்னு ஓடி சேர்த்தேன். அசெஸ்மென்ட் அன்னைக்கு ரெண்டு பேர் பக்கத்துல நின்னு பார்த்தாங்க, ஸ்ப்ளிட் யூனிட் ஒன்னை கழட்டிப் பூட்டி, வெக்யூம் எடுத்து, லீக் பார்த்துக் காட்டணும், நடுவுல கேள்வியும் கேட்டாங்க. ஒருத்தர் சிங்களத்துல கேட்டார், நான் பாதி தமிழ் பாதி சிங்களத்துல சொன்னேன், பிரச்சினை இல்ல. லெவல் 4 கிடைச்சுச்சு. இப்ப ஒரு மெயின்டெனன்ஸ் கொம்பனியில மாசச் சம்பளம், இ.பி.எஃப். இருக்கு. கார்டு தவணை முடிஞ்சுது. செயினுக்கு வருஷா வருஷம் வட்டி கட்டி புதுப்பிச்சுட்டு வாறேன், பவுன் விலை ஏறினதால இன்னும் கூட எடுக்கலாம்னு அடகு கவுண்டர்ல சொல்றாங்க, வேணாம்னுட்டு முதல் தொகையில கொஞ்சம் குறைச்சுக் கட்டிட்டு வந்தேன்.

ஆர்.பி.எல்.க்கு போறவங்களுக்கு ஒன்னு: வேலை செய்யும்போது போட்டோ எடுத்து வையுங்க, நீங்க முகம் தெரியிற மாதிரி, கையில டூல்ஸோட. வேலை செஞ்ச இடத்துல கடிதம் வாங்கினா லெட்டர்ஹெட்ல, எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி வரைக்கும், என்ன வேலைன்னு தெளிவா எழுதி, ரப்பர் சீலோட வாங்குங்க. என்ட முதல் கடிதத்துல சித்தப்பா "நல்ல பிள்ளை, நேர்மையானவன்"ன்னு மட்டும் எழுதி சைன் வச்சிருந்தார், அதைத் திருப்பித் தந்துட்டாங்க.