எது கனம்?

சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர், கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்க வந்த என் தங்கை மகனின் கைகளில் கைக்கொரு பவர் சப்ளையை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) வைத்தார்.

"எது கனம், தம்பி?"

மலிவானது தக்கையாக இருந்தது. (கனம் மட்டுமே தரத்துக்குச் சான்றாகாதுதான்.)

வாட்டர் கூலிங் குழாய், வண்ண விளக்கு என்று ஒரு மாதமாகக் கனவு கண்டவன் பவர் சப்ளைக்கு ஒதுக்கியிருந்தது மிச்சப் பணம். தண்ணீர் சூட்டைத்தான் கடத்தும், மின்தேவையைக் குறைக்காது. ஆர்டிஎக்ஸ் 4080 கிராஃபிக்ஸ் அட்டைக்கு 320 வாட், கோர் ஐ7 14700கே பிராசஸருக்கு உச்சத்தில் 253. பம்பும் விசிறிகளும் சேர்ந்தால் 600-ஐத் தொடும்.

கண்ணில் படாத பாகத்துக்குச் செலவழிக்க நமக்கு மனமே வருவதில்லை. வீடு கட்டும்போது வயரிங்குக்கும் இதே கதிதான். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

விளக்குகளைத் திருப்பிக் கொடுத்தான். கனமான பவர் சப்ளையை வாங்கினான்: 850 வாட், மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான '80 பிளஸ் கோல்டு' சான்று பெற்றது.

மெட்ரோவில் அந்தப் பெட்டியை மடியை விட்டு இறக்கவே இல்லை.