இரண்டாம் பேஸில் லத்தீன்

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் மோ பெர்க்கைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் அவர் உளவாளியாக இருந்த கதைக்குத்தான் ஓடுகிறார்கள், 1944ல் சூரிக்கில் ஜெர்மன் அணு விஞ்ஞானி ஹைசன்பர்க் பேசிய கூட்டத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தது, அது இது என்று. சரி, அது பெரிய கதைதான். ஆனால் எனக்குப் பிடித்தது பிரின்ஸ்டன் கல்லூரி நாட்களின் பெர்க்.

நியூவார்க்கில் மருந்துக்கடை வைத்திருந்த யூதரின் மகன். படித்தது மொழிகள்: லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று போய் சமஸ்கிருதம் வரை. மாலையில் பேஸ்பால் அணியின் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு (ரன்னர் ஓடித் தொடும் முனைகள்) நடுவே நின்று பந்தைத் தடுப்பவர். கடைசி வருடம் கேப்டனும் அவரே. எதிரணி ரன்னர் இரண்டாம் பேஸில் நின்றால் இவரும் பக்கத்து ஆட்டக்காரரும் லத்தீனில் பேசித் திட்டம் போடுவார்களாம்! நடுவில் நிற்கிறவன் பாவம், ஒன்றும் புரியாமல் முழித்திருப்பான்.

1923ல் நல்ல மதிப்பெண்ணோடு பட்டம், கையோடு புரூக்ளின் அணியில் ஒப்பந்தம். அப்புறமும் படிப்பை விடவில்லை, தொழில்முறை ஆட்டத்துக்கு நடுவிலேயே கொலம்பியாவில் சட்டம் படித்து முடித்தார், பருவத் தொடக்கப் பயிற்சிக்குத் தாமதமாக வந்து நிர்வாகத்திடம் முணுமுணுப்பு வாங்கியபடி.

அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் 15 சீசன், பேட்டிங் சராசரி .243, அதாவது நாலு முறைக்கு ஒரு நல்ல அடிகூட இல்லை, சிக்ஸர் மாதிரியான ஹோம் ரன் வெறும் 6. ஏழு மொழி பேசுவார், ஒன்றிலும் அடிக்க வராது என்று சக ஆட்டக்காரர்களே கிண்டலடித்தார்கள். அப்பாவுக்கோ பேஸ்பாலே பிடிக்காது, மகன் ஆடுவதை ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லையாம். மகன் வக்கீலாகியும் அவர் மனசு இளகவில்லை, என்ன மனுஷனோ!