திறந்த களக்குறிப்பும் ஆய்வாளரின் பெயரும்

மக்களோடு தங்கி அவர்கள் வாழ்க்கையை ஆராயும் இனவரைவியல் ஆய்வாளரின் பெயர் முன்பெல்லாம் அவருடைய நூல் அச்சேறிய பிறகுதான் வெளியே தெரியவந்தது. ஓர் ஊரில் ஆண்டுக்கணக்கில் தங்கி எழுதிய களக்குறிப்புகளைத் துறைப் பேராசிரியர்கூட முழுமையாகப் பார்த்திருக்க மாட்டார். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி பசிபிக் பகுதியிலுள்ள டிராப்ரியாண்ட் தீவுகளில் எழுதிய அந்தரங்க நாட்குறிப்பு, அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து, 1967இல் வெளிவந்தது. அதுவரை அவருடைய எரிச்சலையும் தனிமையையும் வாசகர் எவரும் அறிந்ததில்லை. இன்றோ களத்தில் இருக்கும்போதே ஆய்வாளர் டம்ப்ளர் (Tumblr) வலைப்பதிவிலோ இன்ஸ்டாகிராமிலோ எழுதுகிறார். ஆய்வு முடிவதற்குள் அவருக்கென ஒரு வாசகர் வட்டமும், துறையில் ஓர் அடையாளமும், சில வேளைகளில் வேலைவாய்ப்பும் உருவாகிவிடுகின்றன. இதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பெயர் ஆய்வாளர் வேலை செய்யும் முறையைக் காட்டிச் சம்பாதித்ததாக இருக்க வேண்டும், பிறருடைய வாழ்க்கையைக் காட்டிச் சம்பாதித்ததாக இருக்கக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத பிடிப்பு உண்டு.

சீனாவில் களப்பணி செய்த இனவரைவியலாளர் டிரிசியா வாங், 2012இல் ‘நேரடிக் களக்குறிப்பு’ என்னும் முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நிழற்படம் எடுத்தவுடன், அது எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது, அதைப் பார்த்தபோது என்ன தோன்றியது என்பதை அந்த இடத்திலேயே சில வரிகளில் எழுதி இன்ஸ்டாகிராமில் இடுவதுதான் அம்முறை. களப்பணி செய்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பகல் முழுவதும் பேசிவிட்டு இரவில் குறிப்பெழுத உட்காரும்போது, காலையில் கேட்ட பேச்சின் தொனி பாதி மறைந்திருக்கும். மீதியை நம் அனுமானம் நிரப்பிவிடும். உடனே எழுதினால் அந்த இழப்பு குறைகிறது. வாசகர்களின் பின்னூட்டத்தால், ஆய்வாளர் தானே கேட்டுக்கொள்ளாத கேள்விகளும் வந்துசேர்கின்றன. அடுத்த ஆண்டு அவர், எண்களாகக் குவியும் பெருந்தரவு மட்டும் போதாது, மனிதர்கள் தம் செயலுக்குத் தரும் பொருளைச் சொல்லும் அடர்தரவும் வேண்டும் என்று எழுதினார். ஒரு செயலை அதன் சூழலோடும் பொருளோடும் சேர்த்து எழுதும் ‘அடர் விவரிப்பு’ என்ற கருத்தை 1973இல் மானிடவியலாளர் கிளிஃபோர்டு கீர்ட்ஸ் பரப்பினார்; அதன் வழிவந்த ‘அடர்தரவு’ என்ற சொல்லை, இன்று தொழில்நுட்ப நிறுவனங்களில் பலரும் டிரிசியா வாங்கின் பெயரோடு சேர்த்தே நினைவுகூர்கிறார்கள். தன்னைத் துறையில் நிலைநிறுத்திக்கொள்வது என்பதற்கு நான் காட்டக்கூடிய நல்ல எடுத்துக்காட்டு இது. அவருடைய பெயர் ஒரு கருத்தோடும் ஒரு முறையோடும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெயர் வேகமாகப் பரவும்போது நடப்பதற்கு வேறோர் எடுத்துக்காட்டு, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் மானிடவியலாளர் டேனியல் மில்லர். இங்கிலாந்தில் தம் ஆய்வுக் களத்தில் இருந்த 16 முதல் 18 வயது மாணவர்களுக்கு ஃபேஸ்புக் மீது இருந்த ஈர்ப்பு போய்விட்டதென 2013இன் இறுதியில் அவர் எழுதினார். அது செய்தி நடைக்கு மாறி உலகெங்கும் பரவியபோது, ஃபேஸ்புக்கே ஒழிந்துவிட்டதாக அவர் அறிவித்ததைப் போன்ற தோற்றம் உண்டாகிவிட்டது. ஒரு குறிப்பிட்ட வயதினரை, ஒரு குறிப்பிட்ட இடத்தில் கவனித்துச் சொன்னது என்ற வரம்பை விளக்கி அவர் மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. இனவரைவியலின் உயிர் அந்த வரம்பில்தான் இருக்கிறது. பகிர்தலில் முதலில் உதிர்வதும் அதுவே. ஆகவே இடம், வயது, தொழில் ஆகியவற்றைத் தலைப்பிலோ முதல் வரியிலோ சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். வாசகர் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

மில்லரின் இந்த ஆய்வு, சமூக ஊடகப் பயன்பாட்டைப் பற்றி அவர் தலைமையில் நடந்த ஒரு திட்டத்தின் பகுதி. அதில் ஒன்பது மானிடவியலாளர்கள் ஒன்பது இடங்களில் 15 மாதங்கள் தங்கி ஆய்வு செய்தார்கள். சென்னைக்கு அருகே, தகவல் தொழில்நுட்ப வளாகத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் ஆய்வு செய்த ஸ்ரீராம் வெங்கட்ராமன், அவற்றுக்குப் ‘பஞ்சகிராமி’ என்று புனைபெயர் சூட்டினார். அச்சு நூலுக்கு இத்தகைய புனைபெயர் பெருமளவு போதுமானது. ஒருவர் இணையத்தில் எழுதியதை அப்படியே மேற்கோள் காட்டினாலோ, பெயரை மறைத்தும் பயனில்லை. அந்த வரியைத் தேடுபொறியில் இட்டால் எழுதியவரின் பக்கமே வந்து நிற்கும். இதனால்தான் இணைய ஆய்வாளர் அனெட் மார்க்கம் 2012இல், பலருடைய அனுபவங்களை இணைத்து ஒரு கூட்டு மாந்தரை உருவாக்கி எழுதுவதும் அறத்துக்கு உட்பட்ட ஒரு வழிதான் என்று வாதிட்டார். ஆய்வில் புனைவு கலக்கலாமா என்று தயங்குபவர்களின் தயக்கம் நியாயமானதே. அப்படிச் செய்திருப்பதை வாசகருக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டால் அதில் பொய்யில்லை என்பது என் கருத்து.

கைத்தறி நெசவாளர்களிடையே நான் ஆய்வு செய்யும்போது, பெயரை மறைக்கச் சொல்பவர்களைவிடப் பெயரைப் போடச் சொல்பவர்களே மிகுதி. “என் பேரையும் போன் நம்பரையும் போடுங்க தம்பி, சேலை வேணுங்கறவங்க நேரா எங்கிட்டயே வரட்டும்” என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கும் தம் பெயரைச் சந்தையில் நிறுத்தும் தேவை இருக்கிறது. இந்த நூற்றாண்டில் அது எனக்கு மட்டுமே உரிய வேட்கையாக எப்படி இருக்க முடியும்? வடிவமைத்தவரின் பெயரில்லாமல் சேலையின் படத்தை மட்டும் இட்டு, அதனால் வரும் பாராட்டை நான் பெற்றுக்கொள்வது அறமாகாது. ஆனால் அதே உரையாடலில்தான் அவர், தறிக்கூலி போதவில்லை என்பதையும், முதலாளியிடம் வாங்கிய முன்பணம் இன்னும் தீராததால் வேறு இடத்துக்குப் போக முடியவில்லை என்பதையும் சொன்னார். பெயரோடு இது வெளியானால் முதலாளியின் கண்ணுக்கு எட்ட வெகுநேரம் ஆகாது.

எனவே எழுத்தை இரண்டாகப் பிரிக்கிறேன். கைவினையைப் பற்றிய பதிவில் பெயர் இருக்கும், படம் இருக்கும், அவர் விரும்பினால் தொடர்பு எண்ணும் இருக்கும். கூலி, கடன், குடும்பம் பற்றியவை பெயரும் ஊரும் நீக்கப்பட்டு, பல மாதங்கள் கழித்து, பலருடைய கூற்றுகளோடு கலந்தே வெளிவரும். இரண்டுக்கும் ஒப்புதலைத் தனித்தனியே கேட்கிறேன். ஆய்வேட்டுக்காக அவர் தந்த சம்மதத்தைப் பொதுவெளிப் பதிவுக்கும் தந்ததாகக் கொள்வதில்லை. வெளியிடும் முன் பதிவை அவர் முன்னால் வாசித்துக் காட்டுகிறேன். அவர் வேண்டாமென்ற வரி, எவ்வளவு நல்ல வரியானாலும், அங்கேயே நீக்கப்படுகிறது.