முயல் கணக்கு: ஒரு ஈற்றின் நாட்குறிப்பு

ஜூன் 3

வெயில் ஏறும் முன் நான்கு தாய் முயல்களையும் ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மாற்றிச் செய்யக் கூடாது. தன் கூண்டுக்குள் வரும் ஆணைத் தாய் கடித்துக் குதறிவிடும். இந்த முறை ஒவ்வொரு தாய்க்கும் நோட்டில் தனிப்பக்கம். இதுவரை எல்லாவற்றுக்கும் சேர்த்தே தீவனக் கணக்கு எழுதியதால், எந்தத் தாய் சம்பாதிக்கிறது, எது சும்மா தின்கிறது என்றே தெரியவில்லை.

ஜூன் 16

13ஆம் நாள். வயிற்றை மெதுவாகத் தடவியதில் மூன்றில் கரு உருண்டைகள் விரலில் பட்டன. நான்காவது சினை பிடிக்கவில்லை. உடனே மறுபடி சேர்த்துவிட்டேன். குட்டி போடும் 31ஆம் நாள்வரை காத்திருந்தால் இன்னும் 18 நாள், நாளுக்கு 150 கிராம் வீதம் 2.7 கிலோ தீவனம் வீண். அதைவிட, போன நாட்கள் திரும்பி வராது.

ஜூலை 1

குட்டி போடுவதற்கான பெட்டிகளில் வைக்கோல் போட்டுக் கூண்டுகளுக்குள் வைத்தாயிற்று.

ஜூலை 4

மூன்று தாய்களும் குட்டி போட்டுவிட்டன: 8, 7, 3. எட்டிலிருந்து இரண்டை எடுத்து மூன்று போட்டவளிடம் விட்டேன். ஒரே நாள் குட்டிகள் என்பதால் ஏற்றுக்கொண்டாள்.

ஜூலை 9

இரண்டு குட்டி போய்விட்டது. காம்பைப் பிடித்தபடியே பெட்டிக்கு வெளியே வந்து விழுந்து, குளிரில் விறைத்திருந்தன. மனசு கேட்கவில்லை. பெட்டியின் வாசல் பலகையை உயர்த்தி அடித்தேன்.

ஆகஸ்ட் 1

பால் மறக்கடித்தேன். தாய்வாரியாக மிஞ்சிய குட்டிகள் 6, 6, 4. இரண்டாவது தாயின் பக்கத்தைக் கூட்டினேன்: சினைக் காலத்தில் 4.65 கிலோ, பாலூட்டிய 28 நாளில் நாளுக்குச் சராசரி 300 கிராம் வீதம் 8.4. ஆக 13 கிலோ. ஆறு குட்டிக்குப் பிரித்தால் தலைக்கு 2.2 கிலோ. மூன்றே குட்டி என்றால் 4.3! தாயின் தீவனம் குட்டிக்கேற்ற அளவு குறைவதில்லை.

இனி 600 கிராம் குட்டி 2 கிலோவாக வளர, என் பழைய கணக்குப்படி, கூடும் ஒவ்வொரு கிலோவுக்கும் 3.5 கிலோ தீவனம், அதாவது 4.9. தாயின் பங்கையும் சேர்த்தால் விற்கும் முயல் ஒவ்வொன்றுக்கும் 7 கிலோ. அதில் கறி ஏறக்குறைய பாதி எடைதான். அப்புறம், புதிதாகத் தொடங்குபவர்கள் கூண்டு வாங்கும் முன் இந்த 7 கிலோவைத் தீவன விலையால் பெருக்கிப் பாருங்கள். கூலி, மருந்து, சாகும் குட்டி எல்லாம் அதற்கு மேல்.

மூன்றாவது தாயை இன்று மறுபடி சேர்த்தேன். இந்த ஈற்றில் மூன்று, அதற்கு முந்தைய ஈற்றிலும் நான்குதான் போட்டாள். அடுத்த முறையும் குறைந்தால் வைத்திருக்கப் போவதில்லை. முதல் தாயின் பெண் குட்டி ஒன்றைத் தனிக் கூண்டில் விட்டிருக்கிறேன்.