பழைய வண்டி கொதித்தால், எப்போது கொதிக்கிறது என்று முதலில் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பல வீடுகளில் கார் ஷெட்டுக்குள் இன்னும் ஓர் அம்பாசிடர் நிற்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்று வந்தால்தான் வண்டி வெளியே வரும், அதுவும் பெரும்பாலும் கோடையில். பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது டேஷ்போர்டில் வெப்ப முள் ஏறும், பானெட்டிலிருந்து ஆவி கிளம்பும். உடனே பக்கத்தில் நிற்கும் ஒருவர் "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்ருங்கண்ணே" என்பார். இன்னொருவர் "ரேடியேட்டரை மாத்திருங்க" என்பார். (தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத வால்வு.) காரணம் தெரியாமல் இரண்டில் எதைச் செய்தாலும் காசுதான் விரயம்.

வண்டி எந்த நேரத்தில் சூடாகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நின்றால், ஊர்ந்தால் முள் ஏறி, வேகமாகப் போனதும் இறங்கினால் காற்றுப் பக்கம் கோளாறு. ஊருக்குள் சரியாக இருந்து, புதுக்கோட்டை ரோட்டில் எழுபது எண்பதில் போகும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் அடைப்பு. காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினால், எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், வண்டி உண்மையிலேயே சூடாகிறதா என்று பாருங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. தெர்மோஸ்டாட் மூடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து முள்ளோடு ஒப்பிடுங்கள். பளபளப்பான பித்தளையில் அளவு தவறாகக் காட்டும். காகித மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். மீட்டர்களுக்குப் போகும் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ஸ்டெபிலைசர் உள்ள வண்டிகளில் வெப்ப முள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்தே கூடுதலாகக் காட்டினால் கோளாறு எஞ்சினில் இல்லை, மீட்டருக்குப் பின்னால் இருக்கும் அந்த ஸ்டெபிலைசரில்.

காற்றுப் பக்கம் இந்த ஊருக்கே உரிய சங்கதிகள் உண்டு. செம்மண் புழுதி, சீமைக் கருவேல இலை, புதுவயல் பக்கம் அரிசி ஆலை உமித்தூசி எல்லாம் ரேடியேட்டரின் மெல்லிய ஃபின் தகடுகளுக்குள் அப்பிக்கொள்ளும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். பின்னாலிருந்து விளக்கடித்து, முன்பக்கம் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். ஏசி இருந்தால், முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில்தான் குப்பை சேரும். இரண்டையும் பிரிக்காமல் அதை எடுக்க முடியாது. எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் ஃபின்கள் மடிந்துவிடும்.

அம்பாசிடரில் ஃபேன், வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்து பெல்ட்டில் சுழல்வது. நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் சுமார் அரை அங்குலம் இறங்க வேண்டும். ஷெட்டில் நின்ற வண்டியில் பெல்ட் காய்ந்து, பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி மினுங்கும். அதை இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள். பம்ப் வேலை பார்த்தபின் ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டால் காற்று பாதிகூட வராது. இறக்கையின் வளைவைக் கவனியுங்கள். பழைய மாருதி 800-ல் ஃபேன் மின்சாரத்தில் ஓடும். ஃபேன் ஸ்விட்ச் ஒயரைக் கழற்றி, இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, இக்னிஷனைப் போடுங்கள். ஃபேன் ஓடினால் ஸ்விட்ச் கெட்டிருக்கிறது. ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

இனி தண்ணீர் ஓட்டம். நின்று கிடந்த வண்டிகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இதில்தான். அம்பாசிடரின் பழைய 1489 சிசி பிஎம்சி எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. வருடக்கணக்காகப் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உப்பு ரேடியேட்டர் குழாயில் படியும், துரு பிளாக்கின் பின்பக்கம், நாலாவது சிலிண்டரைச் சுற்றிச் சேறாக இறங்கும். ரேடியேட்டரை மட்டும் புதிதாகப் போட்டு பிளாக்கைக் கழுவாமல் விட்டால் அந்தத் துரு கொஞ்ச நாளில் புது ரேடியேட்டரையும் அடைத்துவிடும். ஆறிய எஞ்சினில் பிளாக்கின் டிரெய்ன் டேப்பை முழுவதும் கழற்றுங்கள். தண்ணீர் வராவிட்டால் உள்ளே சேறு இருக்கிறது என்று அர்த்தம். கம்பியால் குத்திக் கிளறி, தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு, தெளிவாக வரும்வரை கழுவுங்கள்.

லேசான துருவுக்கு, இரும்பு பிளாக்கும் பித்தளை ரேடியேட்டரும் உள்ள வண்டியில் லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து, சூடேறியபின் அரைமணி நேரம் ஓட்டி இறக்கலாம். பிறகு சோடா உப்புக் கரைசல் ஒருமுறை, நல்ல தண்ணீர் இரண்டு முறை. அலுமினிய ரேடியேட்டரில் இதைச் செய்யாதீர்கள். நைந்த ரேடியேட்டரில் துருதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், ஆசிட் பட்டதும் ஒழுகும். அப்படி ஒழுகினால் அந்த ரேடியேட்டர் ஏற்கெனவே முடிந்துபோனது.

எஞ்சின் சூடானபின் ரேடியேட்டர் முழுவதையும் தெர்மாமீட்டரால் தடவிப் பாருங்கள். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திடீரென்று குளிர்ந்த பட்டை இருந்தால் அந்தக் குழாய்கள் அடைபட்டவை. ரேடியேட்டர் கடையில் டேங்கைப் பிரித்து ராட் விட்டு எடுப்பார்கள். கீழ் ஹோஸையும் மறக்காதீர்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துக் கரைந்திருந்தால், ஆக்சிலேட்டரை ஏற்றும்போது ஹோஸ் சப்பையாகும். ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது.

தெர்மோஸ்டாட்டை ஒரு நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள், வெறுமனே கழற்றிப்போட்டு ஓட்டாதீர்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும், உண்மையான கோளாறு மறைந்தே இருக்கும்.

ரேடியேட்டர் மூடி சின்னப் பொருள் என்று விட்டுவிடக் கூடாது. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் தண்ணீர் கொதிக்கும் சூடு 100-லிருந்து ஏறக்குறைய 119 டிகிரிக்கு ஏறும். ரப்பர் நைந்துபோனால் அந்த வித்தியாசம் போய்விடும். ஆனால் பழைய ரேடியேட்டருக்கு அதற்குரிய அழுத்த மூடியையே போடுங்கள். கூடுதலாகப் போட்டால் ஈயப் பற்று விட்டுவிடும். ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் சூடு என்றால் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பிளக்கில் பொறி விழும் நேரத்தை, பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அட்வான்ஸ் வெயிட் துருவில் இறுகினாலோ வேக்கம் டயஃப்ரம் கிழிந்தாலோ பொறி தாமதமாக விழும், எஞ்சின் இழுக்காது, சூடேறும். இறுகிப் பிடிக்கும் பிரேக்கும் இதே வேலையைச் செய்யும். ஓட்டி நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் சூட்டையும் ஒப்பிடுங்கள்.

ஹெட் கேஸ்கெட்டுக்கு ஒரு பரிசோதனை. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து கழுத்துவரை தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். பம்ப் சுற்றாது. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குமிழி விடாமல் வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் இறங்குகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலோ, பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரில் கம்ப்ரஷன் சேர்ந்து குறைந்தாலோ சந்தேகமே வேண்டாம். ஹெட்டைக் கழற்றினால் ஸ்கேல் வைத்து வளைவு பார்த்து, தேவையென்றால் லேத் பட்டறையில் ஃபேஸிங் செய்து சமப்படுத்தியபின்தான் புது கேஸ்கெட். மாருதி 800-ன் ஹெட் அலுமினியம், ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளைய வாய்ப்புண்டு.

வழியில் கொதித்துவிட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்டுங்கள். தண்ணீர் வெளியே கொட்டியிருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். கொதித்த பிளாக்கில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

நிரப்பும்போது கூலன்ட் கான்சன்ட்ரேட் மூன்றில் ஒரு பங்கு, டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) இரண்டு பங்கு போதும். இங்கே உறைபனி கிடையாது, நமக்கு வேண்டியது துருத்தடுப்பு மருந்துதான். ரெடிமிக்ஸ் வாங்கினால் தண்ணீர் கலக்காதீர்கள். டிஎம் வாட்டர் கிடைக்காத இடத்தில், முதல் மழை ஓட்டைக் கழுவிப் போனபின் வளவு முற்றத்தில் அண்டாவில் பிடித்த மழைநீரைத் துணியில் வடிகட்டி ஊற்றலாம். போர் தண்ணீரைவிட அது எவ்வளவோ மேல். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். மூடியில்லாமல் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டினால் காற்று குமிழியாக வெளியேறும், மட்டம் இறங்கும், மறுபடி நிரப்பி மூடுங்கள். மறுநாள் காலை குளிர்ந்திருக்கும்போது மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறியது, நிரப்பிவிடுங்கள். தினமும் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து தேடத் தொடங்குங்கள்.